சோகமான மாணவர் நாற்பது பேர் தேவை

மனித இனம் இதுவரை சாதித்தவற்றில் தலையாயது எது என்று யாராவது கேட்டால், நெருப்பு, சக்கரம், தடுப்பூசி என்று ஆளுக்கொன்று சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம். பல்கலைக்கழக நிர்வாகக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், லிஃப்ட் நிற்காத பக்கத்தில் இயங்கும் 'மாணவர் பலம் மற்றும் மனமகிழ்ச்சி உயர் ஆய்வு மைய'த்தைக் கைகாட்டினால் போதும். முன்பு அது உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைக்கும் இடம். மையம் வந்ததும் நாற்காலிகளை அப்புறப்படுத்திவிட்டார்கள். வேறு நாற்காலிகள் இன்னும் வரவில்லை. ஆகவே வருகிறவர்கள் நின்றுகொண்டே மகிழ்ச்சி அடைகிறார்கள்.

இந்த மையத்துக்கு ஒரு மாபெரும் பொறுப்பு வந்து சேர்ந்தது. எட்டு நாடுகளின் பல்கலைக்கழகங்கள் கூடி நடத்தும் ஒப்பாய்வு அது. நாட்டுக்கு நானூறு மாணவர்கள், ஆளுக்கொரு படிவம். படிவத்தின் முன்பக்கத்தில் இருபது பலங்கள்: பொறுமை, நன்றி, துணிச்சல், விடாமுயற்சி, நகைச்சுவை உணர்வு, இன்ன பிற. பின்பக்கத்தில் மனச்சோர்வின் பத்து அறிகுறிகள்: தூக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, காரணமில்லாத அழுகை, இன்ன பிற. ஒவ்வொரு அறிகுறிக்கும் பூஜ்ஜியம் முதல் மூன்று வரை மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் முப்பது. முன்பக்கம் ஏற ஏறப் பின்பக்கம் இறங்கும், அதாவது பலம் உள்ளவருக்குச் சோகம் வராது என்பதை எட்டு நாட்டிலும் நிரூபித்துவிட்டால், அதற்கப்புறம் உலகத்தில் செய்வதற்கு வேலையே இருக்காது என்பது இயக்குநரின் கணிப்பு.

இயக்குநர் எப்போதும் சிரித்த முகம். திட்டும்போதும் சிரித்துக்கொண்டேதான் திட்டுவார். வாங்கியவர்கள் வெளியே வந்த பிறகுதான் அது திட்டு என்று கண்டுபிடிப்பார்கள். மையத்தில் யாரும் 'முடியவில்லை' என்று சொல்லக் கூடாது என்பது அவர் பிறப்பித்த முதல் சுற்றறிக்கை. 'முடிகிறது, ஆனால் இன்னும் தெரியவில்லை' என்று சொல்லிக்கொள்ளலாம்.

மையத்தில் ஓர் ஆலோசகரும் உண்டு. மனம் சரியில்லாத மாணவர்களோடு உட்கார்ந்து பேசுவதற்கென்றே நியமிக்கப்பட்ட அம்மாள். ஐம்பது வயது, மூக்கு நுனியில் கண்ணாடி, அதிராத குரல். அவருடைய போதாத காலம், அவருக்கு வேகமாகத் தட்டச்சு செய்யத் தெரியும் என்பதை இயக்குநர் பார்த்துவிட்டார். அன்று தொடங்கி எட்டு வாரமாக அவர் படிவங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் அறையில் மாணவர்களுக்கென்று இருந்த ஒரே நாற்காலியில் படிவக் கட்டுகள் உட்கார்ந்திருந்தன. கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'மாணவர் மனநலம் குறித்த முக்கிய ஆய்வு நடைபெறுவதால், மாணவர்களுக்கான மனநல ஆலோசனை மறு அறிவிப்பு வரை நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.'

அந்தத் தாளைத் தன் முத்து முத்தான கையெழுத்தில் எழுதி ஒட்டியவள் சமத்து. மூன்றாம் ஆண்டு ஆராய்ச்சி மாணவி. அவளுக்கு வேறு பெயர் இருந்தது. சேர்க்கைப் பதிவேட்டில் தேடினால் கிடைக்கும். சொன்ன வேலையைச் செய்வாள், சொல்லாத வேலையையும் செய்வாள், செய்து முடித்துவிட்டு "வேற ஏதாவது இருக்கா சார்" என்றும் கேட்பாள். இப்படிப்பட்டவளைச் சமத்து என்று கூப்பிடாமல் வேறு எப்படிக் கூப்பிடுவது?

அந்தச் சமத்துக்கு ஆறு வாரமாகத் தூக்கம் இல்லை. காலையில் எழுந்து பல் விளக்குவதே பெரிய காரியமாக இருந்தது. நடைபாதைக் கோடியில் உள்ள கழிவறையில் தினமும் பதினொன்றேகால் மணிக்கு ஐந்து நிமிடம் அழுவாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கட்டுகளை அடுக்குவாள். காரணம் கேட்டால் அவளுக்கே தெரியாது. யாரும் அவளை ஏமாற்றவில்லை, எந்தத் தேர்விலும் அவள் தோற்கவில்லை. உள்ளே யாரோ விளக்கை அணைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது, அவ்வளவுதான். யாராவது ஒருவரிடம் பத்து நிமிடம் சொன்னால் தேவலை என்று தவித்தாள். சொல்லாமலே போனால் தான் என்ன ஆவோம் என்று நினைக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

ஆனால் ஆய்வு முக்கியம் அல்லவா? சமத்து படிவங்களைத் தூக்கிக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போனாள்.

படிவத்தின் உச்சியில் 'உங்கள் பதில்கள் முற்றிலும் இரகசியமாக வைக்கப்படும்' என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தது. அதற்குக் கீழே பெயர், பதிவு எண், பெற்றோரின் தொலைபேசி எண், வகுப்புப் பொறுப்பாசிரியரின் கையொப்பம். எட்டு நாட்டில் வேறு யாருக்கும் தோன்றாத இந்த ஏற்பாடு இயக்குநரின் சொந்த மூளையில் உதித்தது. இரகசியத்தைப் பாதுகாக்க வேண்டுமென்றால் அது யாருடைய இரகசியம் என்று தெரிய வேண்டாமா என்று அவர் கேட்டார்.

முதல் வகுப்பிலேயே பொறுப்பாசிரியர் மேசையைத் தட்டினார்.

"எல்லாரும் மனசுல இருக்கறத அப்படியே எழுதுங்க. நான் ஒவ்வொண்ணா படிச்சுப் பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். யாருக்காவது மனச்சோர்வு இருந்தா இப்பவே எழுந்து நில்லுங்க, மொத்தமா முடிச்சிடலாம்."

ஒருவரும் எழவில்லை. கடைசி வரிசையில் ஒரு கை மட்டும் பாதி உயர்ந்தது.

"சார், தூக்கம் வரலங்கறதுக்கு ரெண்டு போட்டுட்டேன்."

"எதனால வரல?"

"உங்க பாடத்துக்குப் படிச்சேன் சார்."

"அது நோய் இல்லப்பா, கடமை. அழிச்சிட்டு பூஜ்ஜியம் போடு."

இப்படி ஒருவழியாக நானூறு படிவங்களும் சேர்ந்தன. எல்லாவற்றிலும் முன்பக்கத்தில் பலம் பொங்கி வழிந்தது. பின்பக்கத்தில் நானூறு பேருக்கும் சேர்த்து மொத்தச் சோகம் பூஜ்ஜியம். இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. 'சோகமற்ற முதல் பல்கலைக்கழகம்' என்று பதாகை அடிக்கச் சொல்லிவிட்டார். அதை வாசலில் கட்டியவளும் சமத்துதான். ஏணியில் நின்று கயிற்றை முடிச்சுப் போடும்போது அவள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. கீழே நின்றிருந்த இயக்குநர் அண்ணாந்து பார்த்து, "ஆனந்தக் கண்ணீர், பரவாயில்ல, அழும்மா" என்றார்.

மறுநாள் காணொளிக் கூட்டம். திரையில் எட்டு நாட்டு ஆய்வுக்கும் ஒருங்கிணைப்பாளரான வெளிநாட்டுப் பேராசிரியை தோன்றினார். இயக்குநர் எழுந்து நின்று பூஜ்ஜியத்தை அறிவித்தார். திரையில் நெடுநேரம் சத்தமில்லை. இணைப்புப் போய்விட்டதா என்று சமத்து கம்பியை ஆட்டிப் பார்த்தாள். இணைப்பு இருந்தது, பேராசிரியைக்குத்தான் பேச்சு வரவில்லை.

பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். மற்ற ஏழு நாடுகளிலும் சிலர் சோர்ந்திருக்கிறார்கள், பலர் நன்றாக இருக்கிறார்கள். அதனால் பலத்தையும் சோகத்தையும் ஒப்பிட முடிகிறது. உங்கள் நாட்டில் எல்லாருக்கும் பூஜ்ஜியம் என்றால் எதை எதோடு ஒப்பிடுவது? பத்தில் ஒருவராவது, அதாவது நாற்பது பேராவது, ஓரளவு சோர்வைக் காட்டியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் சரியான தரவு வராவிட்டால் உங்கள் நாட்டை ஆய்விலிருந்து நீக்குவோம் என்று சொல்லிவிட்டு அவர் மறைந்தார்.

இயக்குநரின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் அதிலிருந்து விலகிக்கொண்டன. உடனே அவசரக் கூட்டம் கூட்டினார். கூட்டம் என்றால் அவர், ஆலோசகர், சமத்து. ஆலோசகர் தட்டச்சை நிறுத்தக் கூடாது என்பதால் அவருடைய அறை வாசலிலேயே கூட்டம் நடந்தது.

"ஏழு நாட்டுக்காரனும் சோகத்தை உற்பத்தி பண்றான். நம்மால முடியாதா? நம்ம பசங்களுக்கு என்ன குறைச்சல்?"

"இருக்கறவங்கள உண்மையா கேட்டாலே போதுமே சார்" என்றார் ஆலோசகர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"உண்மைக்கெல்லாம் இப்ப நேரமில்ல மேடம். வெள்ளிக்கிழமைக்கு மூணு நாள்தான் இருக்கு."

அன்று மாலையே சுற்றறிக்கை போயிற்று: 'சோகமான மாணவர் நாற்பது பேர் உடனடியாகத் தேவை. தகுதி: எதிலும் நாட்டமின்மை. முன் அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை. தேர்ந்தெடுக்கப்படுவோருக்கு ஐந்து நாள் வருகைப்பதிவு விலக்கு அளிக்கப்படும்.'

மறுநாள் காலையில் மூன்று மாடிப் படிகளும் தாங்காத கூட்டம். பூஜ்ஜியம் போட்ட அதே நானூறு பேரும் ஒரே இராத்திரியில் இடிந்து போயிருந்தார்கள். ஒருவன் முகத்தைக் கழுவாமல் வந்திருந்தான். ஒருத்தி கண்மையைக் கன்னம் வரை இழுத்துவிட்டிருந்தாள். சோகம் முற்றியவர்கள் வரிசையில் முந்தப் பார்த்ததால் கைகலப்பு நடந்தது. சமத்து எல்லாருக்கும் வரிசை எண் எழுதிக் கொடுத்தாள்.

"அக்கா, அழுகைக்கு மூணு போட்டா போதுமா, நாலு போடலாமா?"

"மூணுதான்பா அதிகபட்சம்."

"அப்ப ஒரு மதிப்பெண் சேர்த்துப் போட்டுக் குடுங்கக்கா. நான் நல்லா அழுவேன்."

ஆள் அதிகமாகிவிட்டதால் நேர்முகத் தேர்வு வைப்பதென்று முடிவாயிற்று. இயக்குநர் மேசைக்குப் பின்னால் அமர்ந்தார். சமத்து பக்கத்தில் நின்று குறிப்பெடுத்தாள். மாணவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள்.

"உங்க சோகத்தைப் பத்தி ரெண்டு வரி சொல்லுங்க."

"எனக்கு எதுவுமே பிடிக்கல சார்."

"எதுவுமேன்னா? வருகைப்பதிவு விலக்கு?"

"அது பிடிக்கும் சார்."

"அடுத்தவர்."

அடுத்தவன் நெஞ்சு நிமிர்த்தி வந்தான்.

"குழுவா சேர்ந்து சோகமா இருந்த அனுபவம் உண்டா?"

"ஹாஸ்டல்ல இருக்கேன் சார்."

"தேர்வு."

பிற்பகலில் ஒரு மாணவன் வந்தான். மெலிந்த உடம்பு, தோளில் பை. உட்காரச் சொல்ல நாற்காலி இல்லாததால் சுவரில் சாய்ந்துகொண்டான். இயக்குநர் கேட்ட கேள்வி எதற்கும் அவன் முழுதாகப் பதில் சொல்லவில்லை. கடைசியில், "சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல சார். எதுக்கு வந்தேன்னு தெரியல" என்று முணுமுணுத்துவிட்டுத் தரையைப் பார்த்தான். இயக்குநர் அவன் தாளில் 'தன்னை வெளிப்படுத்தும் திறன் போதாது, நிராகரிக்கப்பட்டது' என்று எழுதினார். சமத்து அந்தத் தாளைக் கழித்த தாள்களோடு போடாமல் தன் கோப்புக்குள் செருகிக்கொண்டாள்.

நாற்பது பேரும் தேறியதும் அறை காலியாயிற்று. இயக்குநர் நல்ல மனநிலையில் இருந்தார். இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று சமத்து தைரியத்தை வரவழைத்துக்கொண்டாள்.

"சார், ஒரு விஷயம். எனக்கும் ஆறு வாரமா தூக்கமே இல்ல. எந்நேரமும் அழுகையா வருது."

இயக்குநர் வாய்விட்டுச் சிரித்தார்.

"நல்லா பண்றே. ஆனா நீ விண்ணப்பிக்க முடியாதும்மா, நீ மையத்து ஆளு. அதுவும் இல்லாம உனக்குப் பொறுமை இருக்கு, விடாமுயற்சி இருக்கு, நகைச்சுவையும் இருக்குன்னு இப்ப தெரிஞ்சுபோச்சு. உனக்கெல்லாம் வராது. நம்ம ஆய்வே அதைத்தானே சொல்லுது?"

ஆய்வு இன்னும் முடியவில்லையே என்று சமத்து சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அவள் சமத்தாக இருக்க முடியாது.

மாலையில் அம்மாவுக்குப் போன் செய்தாள். அம்மா பள்ளிச் சீருடை தைப்பவர். மெஷின் ஓடும் சத்தத்துக்கு நடுவில்தான் எப்போதும் பேசுவார்.

"அம்மா, எனக்கு என்னமோ மாதிரி இருக்கும்மா."

"வெயில் அப்படித்தான் இருக்கு. தண்ணி நெறைய குடி. உன்னைப் பத்தி எனக்குக் கவலையே இல்லடி, நீ எப்படியும் சமாளிச்சுக்குவே. உன் தம்பிதான் பாவம், ஒரு பாடத்துல போயிடுச்சுன்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கான். தைரியமா இருக்கறது எப்படின்னு நீ கொஞ்சம் சொல்லிக்குடு அவனுக்கு."

சமத்து தம்பிக்குப் போன் செய்து, தைரியமாக இருப்பது எப்படி என்று இருபது நிமிடம் சொல்லிக்கொடுத்தாள். அவனுக்கு மனம் தெளிந்துவிட்டது. "நீ சூப்பர்க்கா" என்று வைத்துவிட்டான். அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அந்த நிமிடத்தில் உலகத்திலேயே தன்னைப் போலத் தனியான ஆள் யாரும் இல்லை என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை வந்தது. பதினோரு மணிக்கு இயக்குநரின் போன் அடித்தது. தேர்வாகியிருந்த முப்பத்தேழாம் எண் சோகம் பேசியது.

"சார், என் படிவத்தை எடுத்துடுங்க. நேத்து அந்தப் பொண்ணு சரின்னு சொல்லிட்டா. நான் சோகமா இருக்கேன்னு எழுதினது தெரிஞ்சா வம்பாயிடும். அடுத்த ஆய்வுக்கு வேணா வர்றேன்."

"பொறுப்பே இல்லாத பசங்க" என்று இயக்குநர் சிரித்துக்கொண்டே பல்லைக் கடித்தார். "சமத்து, ஒண்ணு குறையுது. யாரையாவது எழுதச் சொல்லிக் கட்டுல சேர்த்துடு. பதிவு எண் எல்லாம் வேண்டாம், இரகசியம்னு போட்டிருக்குல்ல?"

பதினொன்றேகால். அவள் கழிவறைக்குப் போகவில்லை. ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்து, சன்னல் திட்டில் வைத்து, தானே நிரப்பினாள். முன்பக்கத்தில் பொறுமை, விடாமுயற்சி, நன்றி என்று எல்லாம் உயரத்தில் நின்றன. பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. பின்பக்கத்திலும் பொய் சொல்ல வரவில்லை. முப்பதுக்கு இருபத்தெட்டு. அடியில் 'வேறு ஏதேனும்' என்ற இடத்தில் எல்லா மாணவர்களும் கோடு இழுத்துவிட்டிருந்தார்கள். அவள் அங்கே, 'நன்றாக வேலை செய்வதால் யாருக்கும் தெரியவில்லை' என்று எழுதினாள். மடிக்காமல் கட்டின் அடியில் வைத்து ஆலோசகரின் மேசையில் சேர்த்தாள்.

ஆலோசகர் ஏற்றிக்கொண்டே போனார். முப்பத்தைந்து, முப்பத்தாறு, ஏழு. 'முப்பதுக்கு நாற்பது' என்று போட்டிருந்த ஒரு பேராசைக்காரனைத் திருத்தினார். முப்பத்தொன்பது முடிந்தபோது மணி பதினொன்றரை. கடைசிப் படிவத்தைப் புரட்டியவரின் விரல்கள் நின்றன. எட்டு வாரத்தில் முதல் தடவையாகத் தட்டச்சுச் சத்தம் ஓய்ந்தது.

அந்தக் கையெழுத்து அவருக்கு மனப்பாடம். அவர் அறைக் கதவில் இருந்தது, ஒவ்வொரு கட்டின் மேலும் இருந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு முறை படித்தார். பிறகு கணினியை அணைத்தார். வாசலில் நின்றிருந்த சமத்தைக் கூப்பிட்டார்.

"உள்ளே வா. கதவைச் சாத்து."

"பதிவு முடிஞ்சுதா மேடம்? வேற ஏதாவது இருக்கா?"

"இருக்கு. இதைப் பிடி."

இருவரும் சேர்ந்து நாற்காலியில் இருந்த கட்டுகளை இறக்கினார்கள். சோகமே இல்லாத நானூறு பேரும் தரைக்குப் போனார்கள். நாற்காலியின் இருக்கை குழிந்து போயிருந்தது.

"உக்காரு. எத்தனை நாளா?"

அந்தக் கேள்விக்காகத்தான் ஆறு வாரம் காத்திருந்தோம் என்பது கேட்ட பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தாள், வார்த்தைக்குப் பதிலாக அழுகை வந்தது. ஆலோசகர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பத்து நிமிடம் கழித்து வார்த்தைகளும் வந்தன. பாதியில் ஏணி மேல் வடித்த ஆனந்தக் கண்ணீரைப் பற்றிச் சொல்லும்போது இருவருக்கும் சிரிப்பு பீறிட்டு, அடக்க முடியாமல் நாற்காலியே கிறீச்சிட்டது.

பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கதவு இடிபட்டது.

"மேடம், உள்ளே என்ன நடக்குது?"

"ஆலோசனை சார்."

அந்தச் சொல்லை மையத்தில் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று இயக்குநர் யோசித்திருக்கலாம்.

"எந்தத் திட்டத்துக்கு?" என்றார் கடைசியில்.

கதவு திறக்கவில்லை. ஒற்றை விரலால் தட்டிக் கடைசிப் படிவத்தைத் தாமே ஏற்றிவிடலாம் என்றால், அதுவும் கணினியும் கதவுக்கு உள்ளே இருந்தன. ஆலோசனை முடிந்த பிறகு முப்பத்தொன்பது சோகங்களோடு தரவு நாற்பது நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது.

சமத்தை ஆலோசகர் அன்றே ஒரு மருத்துவரிடம் தாமே அழைத்துப் போனார். இரண்டு வார விடுப்பை எழுதி வாங்கினார். அம்மாவுக்குப் போன் போட்டு, மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பேசினார். அம்மா மறுநாள் முதல் பேருந்தில் வந்து மகளைக் கட்டிக்கொண்டு, "எங்கிட்ட சொல்லக் கூடாதாடி" என்று அழுதார். சொன்னேனே என்று மகள் சொல்லவில்லை; இந்த முறை சமத்தினால் அல்ல, தூக்கம் வந்துவிட்டதால். பதினோரு மணி நேரம் தூங்கினாள். கிளம்பும் முன் சமத்து தன் கோப்பிலிருந்து எடுத்துக் கொடுத்த தாளை வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து நின்ற அந்த மாணவனை ஆலோசகர் திங்கட்கிழமை தேடிப் பிடித்து உட்கார வைத்தார்.

மையத்துக்கும் எந்தக் குறையும் வரவில்லை. தாமதம் மன்னிக்கப்பட்டது. அந்த வாரமே நடந்த மாநாட்டில் எட்டு நாட்டுப் பேராசிரியர்கள் முன்னிலையில் இயக்குநர் முடிவை வாசித்தார்: பலம் உள்ளவர்களுக்குச் சோகம் வராது. நாற்பதாவது படிவம் என்னவாயிற்று என்று கேட்டபோது, பிற்பாடு தம் கைக்கு வந்தபோது அதில் பலமும் சோகமும் சேர்ந்தே இருந்ததால் அப்படி ஓர் ஆள் இருக்க வாய்ப்பில்லை என்று விலக்கப்பட்டதாக விளக்கினார். கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று.

இத்தனை பெரிய மையத்தில் ஒழுங்கும் அதே அளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை நாம் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். திரும்பி வந்ததும் இயக்குநர் ஒரு குறிப்பாணை பிறப்பித்தார். தட்டச்சு செய்ய வேறு ஆள் இல்லாததால் அவர் சொல்லச் சொல்ல ஆலோசகரே அதைத் தட்டச்சு செய்து, இரண்டு பிழைகளைத் திருத்தி, தமக்குத் தாமே பெற்றுக்கொண்டு கையொப்பமிட்டார்:

'மாணவர் மனநல ஆலோசகராகிய தாங்கள், கடந்த வெள்ளிக்கிழமை அலுவலக நேரத்தில், கணினியை அணைத்துவிட்டு, ஒரு மாணவி சொல்வதை ஐம்பது நிமிடம் காது கொடுத்துக் கேட்டதாகவும், திங்கட்கிழமை அதே குற்றத்தை வேறொரு மாணவரிடம் மீண்டும் புரிந்ததாகவும் தெரியவருகிறது. தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தரவும்.'